தர்ஸ்டனின் காலிப்பரும் தாமல் தங்கையின் மூக்கும்

"உன்னைப் பார்த்தா எஸ்.சி. மாதிரியே தெரியலையே!" கல்லூரி விடுதியில் இதைக் கேட்காத தலித் மாணவர்கள் குறைவு. சொல்கிறவர்கள் பாராட்டு என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். தாமல் பக்கம் ப்ளஸ் டூ முடித்த தங்கை ஒருத்தி அதையே வேறு மாதிரி கேட்டாள்: "மூக்கை ஆபரேஷன் பண்ணிக்கிட்டா கண்டுபிடிக்க மாட்டாங்கதானே அண்ணா?" சென்னைக் கிளினிக் ஒன்றின் ரீல்ஸ் அவள் போனில் இருந்தது. தவணையில் கட்டலாமாம். அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்துத் தருகிறாராம்.

அழகு அவரவர் விருப்பம், இதில் சாதி எங்கே வந்தது என்று சிலர் கிளம்புவார்கள். தோழர்களே, மூக்கில் சாதியை ஏற்றியவர்கள் நாம் இல்லை. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து, நூறால் பெருக்கி, எண் கூடக் கூடச் சாதி தாழும் என்று எழுதினார். இங்கே காலிப்பரோடு அலைந்தவர் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன். 1909-இல் ஏழு தொகுதிகளாக வந்த அவர் நூலைச் சாதிப் பெருமை பேசுகிறவர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

அண்ணல் அம்பேத்கர் இதைச் சும்மா விடவில்லை. 1948-இல் வெளியான 'தீண்டப்படாதவர்கள்' நூலில், சமூகவியலாளர் குர்யே தந்த மூக்களவுகளையே எடுத்துப்போட்டு, பிராமணரும் தீண்டப்படாதவரும் வெவ்வேறு இனம் என்ற வாதத்தை உடைத்தார். அளவுகோல் அவர்களுடையது, எண்களும் அவர்களுடையவை. அப்படித் தோற்றுப்போன கணக்கைத்தான் 'எடுப்பான மூக்கு' என்று கிளினிக்காரன் மறுபடி விற்கிறான்.

வேடிக்கை என்னவென்றால், அவன் கையில் இருக்கும் வித்தையே உழைக்கும் சாதிக்காரர் ஒருவர் மூலமாக லண்டன் போனது. ஆங்கிலேயப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜியின் மூக்கைத் திப்புவின் ஆட்கள் அறுத்துவிட்டார்கள். புனே அருகே செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலை இறக்கிப் புது மூக்கு வைத்தார். 1794-இல் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' அதைப் படத்தோடு வெளியிட்டது. அதில் வைத்தியர் பெயர் இல்லை. 1814-இல் அதே முறையில் அறுவை செய்த கார்ப்யூவின் பெயர் மட்டும் மருத்துவ நூல்களில் நிலைத்துவிட்டது.

அறுபட்ட மூக்குக்கும், உதட்டுப் பிளவுக்கும், தீக்காயத்துக்கும் பிளாஸ்டிக் சர்ஜரி வேண்டும். அதை யாரும் மறுக்கவில்லை. நல்ல மூக்கின் எலும்பை உடைத்து, குருத்தெலும்பைச் செதுக்குவது வேறு. வீக்கம் முழுசாக வடிய ஒரு வருடம்கூட ஆகலாம். கோணினால் மறுபடி கத்தி, மறுபடி கடன்.

இத்தனை செய்தும் மறைக்க முடியுமா? சாதியை மூக்கைப் பார்த்தா கண்டுபிடிக்கிறார்கள்? எந்தத் தெரு, அப்பா என்ன வேலை, ஸ்காலர்ஷிப் வருதா? மூன்று கேள்வி போதும். சிவப்பழகு கிரீம் 1975 முதல் இதே ஆசையைத்தான் விற்றது. 2020-இல் பெயரில் இருந்த 'ஃபேர்' போய் 'குளோ' வந்தது, டியூப் கடையிலேயேதான் இருக்கிறது.

தங்கையிடம் நான் சொன்னது இதுதான். குழுக் கடனைக் கல்லூரிக்கும் லேப்டாப்புக்கும் வை. நாலு பேர் முன்னால் எவனாவது சாதிப் பெயர் சொல்லி உன்னைத் திட்டினால் அது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். தேதி, இடம், கூட இருந்தவர்கள் பெயர் மூன்றையும் அன்றைக்கே எழுதி வை. புகார் கொடுக்கப் போகும்போது எங்களில் ஒருவரைக் கூப்பிடு, வருகிறோம்.