புயல் பட்டியலில் இல்லாத கட்டம்

ஐப்பசி பிறந்தால் எனக்குப் புயலைவிட, அதற்குப் பின்னால் வரும் பட்டியல்தான் ஞாபகத்துக்கு வரும். குமாஸ்தா புத்தி, மன்னித்துக்கொள்ளுங்கள்.

1977 நவம்பர் 12 அன்று நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரை கடந்த புயலை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது எனக்குக் காரைக்காலில் வேலை. காற்று ஓட்டையும் தகரத்தையும் பிய்த்தது. கடல் குப்பத்துக்குள் புகுந்து அதையெல்லாம் சுருட்டி மனிதர்கள் மேல் அடித்தது. தண்ணீர் வடிந்ததும் பட்டியல் எழுத உட்கார்ந்தோம். இறந்தவர், குடிசை, மாடு, கட்டுமரம், வலை. காயம்பட்டவருக்கும் ஒரு கட்டம் இருந்தது: ஆஸ்பத்திரியில் எத்தனை நாள்?

ஒரு மீனவருக்குத் தகரம் கிழித்துக் குதிகாலில் காயம். தையல் போட்டு மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் '3' என்று எழுதினேன். பொங்கலுக்கு முன்னால் அவர் மனைவி அலுவலக ஜன்னலண்டை வந்து நின்றார். "ஐயா, அவருக்கு முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. அதையும் எழுதிக்குங்க." பட்டியல் டிசம்பரிலேயே கையெழுத்தாகிப் போய்விட்டது. "இனிமே சேர்க்க முடியாதும்மா" என்றேன். விதிப்படி சரியான பதில். இன்றுவரை உறுத்துகிறது.

இப்போது தொகை கூடியிருக்கிறது. கட்டம் மாறவில்லை. 2022 முதல் 2026 வரைக்கான மத்திய அரசின் நிவாரண விதியைப் பாருங்கள். பலத்த காயத்தோடு ஒரு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தால் 16,000 ரூபாய், அதற்குக் குறைந்தால் 5,400. கட்டிலில் படுத்த நாள்தான் கணக்கு. கடல் தந்த காயமோ, கட்டிலை விட்டு எழுந்த பிறகுதான் தன் வேலையைக் காட்டும்.

புயல் அலை கொண்டுவருவது வெறும் உப்புத் தண்ணீர் அல்ல. சாக்கடை, சேறு, துருப்பிடித்த ஆணி எல்லாம் கலந்தது. அப்படிப்பட்ட காயத்தை அன்றே தைத்து மூடினால் உள்ளே சீழ் கட்டும். சுத்தம் செய்து திறந்தே விட்டு, நான்கைந்து நாள் கழித்துத் தைப்பது முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து டாக்டர்கள் அறிந்த முறை. ரணஜன்னி பெரும்பாலும் மூன்று நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் தலைகாட்டும். முன்பு ஊசியே போடாதவருக்கு ஒரு ஊசி போதாது. நான்கு வாரத்தில் இரண்டாவது, ஆறு மாதம் கழித்து மூன்றாவது. மெலியாய்டோசிஸ் என்று மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் கிருமியால் வரும் நோய் ஒன்று உண்டு. சர்க்கரை நோயாளிகளை அதிகம் பிடிக்கும். அதற்குப் பத்து நாளுக்குக் குறையாமல் ஊசி, பிறகு மூன்று மாதமாவது மாத்திரை. நாம் நடத்துகிற மருத்துவ முகாமோ மூன்று நாளில் பந்தலைப் பிரித்துவிடுகிறது.

"உறுப்பு போனால் தனியே பணம் உண்டே" என்பார்கள். உண்டு, 74,000 முதல் இரண்டரை லட்சம் வரை. ஆனால் ஊனத்தின் அளவுக்கும் காரணத்துக்கும் அரசு மருத்துவர் சான்று தர வேண்டும். இரண்டு மாதம் யாரும் எட்டிப் பார்க்காத காலுக்குப் புயல்தான் காரணம் என்று எந்த டாக்டர் எழுதுவார்?

"ஜனங்கள் திரும்ப வருவதில்லை, அலட்சியம்" என்ற பேச்சையும் கேட்டிருக்கிறேன். படகு போய், வீடு போய், ஆஸ்பத்திரிச் சீட்டும் தண்ணீரோடு போனவன், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டுமாம்! தேர்தல் என்றால் பூத் சிலிப் வீடு தேடி வருகிறது. பக்கத்திலேயே தமிழ்நாட்டில் 2021 முதல் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். காயத்துக்குக் கட்டு மாற்ற மட்டும் முடியாதா?

நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல. காயம்பட்ட ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே இன்னும் நான்கு கட்டம்: ஐந்தாம் நாள், இருபத்தோராம் நாள், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம். ஒவ்வொரு தேதியிலும் நர்ஸ் அம்மா நேரில் போய்ப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஆறு மாதம் முடியும்வரை பட்டியலை மூடக் கூடாது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது பிரெஞ்சுக் காலத்துப் பெரியவர் ஒருவர் எங்கள் பிரிவில் இருந்தார். முடியாத கோப்பின் ஓரத்தில் 'சுவித் ஆ தொன்னே' என்று எழுதுவார். தொடர்ந்து செய்ய வேண்டியது பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். அது எழுதிய கோப்பைக் கட்டி வைக்க யாருக்கும் தைரியம் வராது. அந்த மீனவர் பெயருக்கு எதிரே நான் அதை எழுதியிருக்க வேண்டும்.