மூணாங்கிளாஸ் பிள்ளைக்கு எதற்கு கைடு?

படவேட்டுப் பெற்றோர்களுக்கு ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதுவது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

"சார், பையனுக்கு அடைவுத்தேர்வு வருதாம். வீட்ல வச்சுப் பழக்க என்ன கைடு வாங்கலாம்?" அடிக்கடி என்னிடம் வரும் கேள்வி இது. என் பதில்: எதுவும் வாங்காதீர்கள்.

முதலில் அது என்ன தேர்வு என்று தெரிந்துகொள்ளுங்கள். 2021 நவம்பர் 12 அன்று 3, 5, 8, 10 வகுப்புகளுக்கு தேசிய அடைவு ஆய்வு நடந்தது. 2024 டிசம்பர் 4 அன்று 'பராக்' என்ற பெயரில் 3, 6, 9 வகுப்புகளுக்கு நடந்தது. தேர்ந்தெடுத்த சில பள்ளிகளில், சில பிள்ளைகள் மட்டும் எழுதுவது. பாஸ், ஃபெயில் கிடையாது. உங்கள் பிள்ளையின் மதிப்பெண் என்று எதுவும் வீட்டுக்கு வராது. மாவட்டமும் மாநிலமும் எப்படிச் சொல்லிக்கொடுக்கின்றன என்று பார்க்கும் ஆய்வு அது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். பதம் பார்க்கப் போகும் பருக்கையை மட்டும் தனியாக வேகவைத்துக் காட்டினால் என்ன ஆகும்? பானை அரைவேக்காடாகவே கிடக்கும், யாருக்கும் தெரியாது. மாதிரி வினாத்தாளை வாட்சப்பில் அனுப்பி "வீட்டில் பயிற்சி கொடுங்கள்" என்கிற பள்ளிகள் செய்வது இதைத்தான். குறையை மறைத்துவிட்டால் அதை யார் சரிசெய்வார்கள்?

"நாளைக்கு நீட் எழுதணுமே, இப்பவே பழக வேண்டாமா?" என்கிறார்கள். கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு வட்டத்தை நிரப்பக் கற்றுத்தர பத்து நிமிடம் போதும். படிக்கவே தடுமாறும் பிள்ளைக்கு நூறு மாதிரித் தாள் கொடுத்தாலும் குருட்டாம்போக்கில் 'இ' போடத்தான் வரும்.

இதில் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. 2019 செப்டம்பரில் 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று நம் மாநிலத்தில் அரசாணை வந்தது. எதிர்ப்பு எழுந்து 2020 பிப்ரவரி 4 அன்று கைவிட்டார்கள். அது நடந்திருந்தால் யார் தோற்றிருப்பார்கள்? விடியலில் வாழைத் தோப்புக்குப் போய்விடும் அம்மாவின் பிள்ளை. கூலிக்கு வெளியூர் போகும் ஜவ்வாதுமலைக் குடும்பத்தின் பிள்ளை. தயார் செய்வது வீட்டின் வேலை என்று ஒப்புக்கொண்டால், தேர்வு அளப்பது பிள்ளையை அல்ல, வீட்டை. டிகிரி படித்த அம்மாவுக்கும் கைநாட்டு அம்மாவுக்கும் நடக்கும் போட்டி அது.

2024 டிசம்பரில் மத்திய அரசு விதியைத் திருத்தி, 5, 8 வகுப்புகளில் தோற்று, மறுதேர்விலும் தோற்றால் அதே வகுப்பில் நிறுத்தலாம் என்றது. 2025 ஆகஸ்டில் வெளியான நம் மாநிலக் கல்விக் கொள்கை, எட்டாவது வரை நிறுத்தக் கூடாது என்கிறது. கொள்கை மாறலாம். நாம்தான் விழிப்பாக இருக்க வேண்டும்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? தினமும் பதினைந்து நிமிடம் பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் என்ன, காது இருக்கிறதே! வாசித்ததை உங்களுக்குக் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். பஸ் போர்டு, ரேணுகாம்பாள் கோயில் ஆடித் திருவிழா நோட்டீஸ், எல்லாம் பாடம்தான். ஒரு தாரில் எட்டு சீப்பு, சீப்புக்குப் பதினான்கு காய் என்றால் மொத்தம் எத்தனை? தோப்பிலேயே கேளுங்கள். ஒன்பது மணிக்குத் தூங்க விடுங்கள்.

மிச்சம் பள்ளியின் வேலை. 8 வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுத்தும் எண்ணும் 2025-க்குள் வந்துவிடும் என்று சொல்லித்தான் 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' தொடங்கினார்கள். அந்த வருடம் தாண்டிவிட்டது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், கல்வி உரிமைச் சட்டமே அப்படிச் சொல்கிறது. அடுத்த கூட்டத்துக்குப் போய், "என் பிள்ளைக்கு வாசிக்க வருதா சார்?" என்று கேளுங்கள். கைடுக்கு வைத்திருக்கும் காசில் இரண்டு கதைப் புத்தகம் வாங்குங்கள்.