ஈஸ்ட்டின் கொழுப்பை எடை போடுவது வீண் வேலையா?

பேக்கரி ரொட்டியை உப்ப வைக்கிற ஈஸ்ட்டை ஆய்வகத்தில் வளர்த்து, அதன் செல்களை உடைத்து, உள்ளே இருக்கும் கொழுப்பு மூலக்கூறுகளை வகைவகையாக எடை போடுகிறார்கள் ஆய்வாளர்கள். ‘இதுக்கெல்லாமா மக்கள் வரிப்பணம்?’ என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். அதற்கான பதில் ‘பார்த் சிண்ட்ரோம்’ என்ற அரிய நோயின் வரலாற்றில் இருக்கிறது.

மரபணு கிடைத்தது, வேலை தெரியவில்லை

நெதர்லாந்து மருத்துவர் பீட்டர் பார்த் 1983-ல் விவரித்த பரம்பரை நோய் இது. பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்கும். இதயத் தசை பலவீனமாகும், அடிக்கடி தொற்று வரும், வளர்ச்சி பின்தங்கும். காரணமான மரபணு 1996-ல் சிக்கியது. ஆனால், உடலில் அதற்கு என்ன வேலை என்பது மட்டும் பிடிபடவில்லை.

2000-ல் நெதர்லாந்து ஆய்வாளர்களுக்குத் துப்பு கிடைத்தது. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவில் ‘கார்டியோலிப்பின்’ என்ற கொழுப்பு உண்டு. நோயாளிகளின் செல்களில் அது சரியாக உருவாகவில்லை.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ன செய்கிறது?

மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் கொடுத்துப் பறக்கவிட்டு, அவற்றின் எடையைக் கணிக்கும் கருவி இது. கார்டியோலிப்பினுக்கு நான்கு கொழுப்பு வால்கள். ஒரு வால் இல்லாவிட்டால் எடை குறையும். கருவி உடனே காட்டிக்கொடுத்துவிடும். எவ்வளவு இருக்கிறது என்று அறிய, ஈஸ்ட்டில் இயற்கையாக இல்லாத ஒரு கொழுப்பை அளந்து முன்கூட்டியே கலந்துவிடுவார்கள். அதுதான் படிக்கல். அது இல்லாமல் வரும் எண்களை நம்ப முடியாது. இந்த முறையில் ஈஸ்ட்டின் சுமார் 250 கொழுப்பு வகைகளை அளந்த ஆய்வு 2009-ல் வெளியானது.

ஈஸ்ட் சொன்ன சாட்சி

பார்த் நோய்க்கான மரபணுவின் ‘பங்காளி’ ஈஸ்ட்டிலும் இருக்கிறது. அதை நீக்கியபோது ஈஸ்ட்டின் கார்டியோலிப்பினும் கெட்டுப்போனது. மனித மரபணு பல வடிவங்களில் செயல்படக்கூடியது. அவற்றை ஒவ்வொன்றாக அந்த ஈஸ்ட்டுக்குள் வைத்துப் பார்த்தார்கள். 2003-ல் வெளியான முடிவின்படி, ஒரே ஒரு வடிவம்தான் குறையைச் சரிசெய்தது. நோயுற்ற குழந்தையின் உடலில் இப்படியொரு சோதனையைச் செய்யவே முடியாது.

ஈஸ்ட்டுக்கு இதயம் கிடையாது. அதன் கார்டியோலிப்பினில் உள்ள வால்களும் மனித இதயத்தில் இருப்பவை போன்றவை அல்ல. எனவே, ஈஸ்ட்டில் பலித்த மருந்து குழந்தைக்கும் பலிக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், எங்கே தேட வேண்டும் என்று அது கைகாட்டும்.

மரபணு மட்டும் போதாது

இன்று உலர்ந்த ரத்தத் துளியிலேயே, மூன்று வால் கொழுப்புக்கும் நான்கு வால் கொழுப்புக்குமான விகிதத்தை அளந்து இந்த நோயைக் கண்டறியலாம். மரபணுச் சோதனையில் ஒரு மாற்றம் தெரிந்து, அது கெடுதலா இல்லையா என்று மருத்துவர் குழம்பும்போது, இந்த அளவீடுதான் கைகொடுக்கிறது.

மரபணுவைப் படிக்க நிதி ஒதுக்கும் அரசுகள், கொழுப்பை அளக்கும் கருவிக்கும் அதை இயக்கத் தெரிந்தவர்களுக்கும் கணக்குப் பார்ப்பது சரியல்ல. மரபணு என்பது சமையல் குறிப்பு மாதிரி. சோறு வெந்ததா என்று பானையைத் திறந்து பார்த்தால்தானே தெரியும்?