கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா: மனிதர் இறங்கும் நிலை மாறுமா?

வீட்டுக் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் முதலில் கம்பியால் குத்துவது, பின்னர் தரையை உடைப்பது, கடைசியில் தொட்டிக்குள் ஒரு தொழிலாளியை இறக்குவது என்பதே இந்திய நகரங்களில் நீண்டகாலமாக நிலவும் வழக்கம். தற்போது பெருநகரங்களில் குழாய் பழுதுநீக்கும் தனியார் நிறுவனங்கள் சில, சிறிய கேமராவை உள்ளே செலுத்தி அடைப்பைக் கண்டறிகின்றன. செலவைக் குறைக்கும் வசதியாகத் தோன்றும் இதற்கு, உயிர்ப் பாதுகாப்பிலும் பங்கு உண்டு.

வளையக்கூடிய நீண்ட கம்பியின் முனையில் நீர்புகாத கேமராவும் எல்இடி விளக்குகளும் பொருத்தப்பட்டிருக்கும். கம்பி உள்ளே செல்லச் செல்ல, குழாயின் உட்புறம் திரையில் தெரியும். சென்ற தூரமும் மீட்டர் கணக்கில் பதிவாகும். சில கருவிகள் வெளியிடும் சமிக்ஞையைக் கொண்டு, பழுதான இடத்தைத் தரைக்கு மேலிருந்தே குறித்துவிடலாம்.

அடைப்புக்குக் காரணம் உறைந்த எண்ணெய்ப் பிசுக்கா, துணியா, நாப்கினா, இணைப்பு வழியே புகுந்த மரவேரா என்பது தெரிந்தால் தீர்வும் தெளிவாகும். பிசுக்கை உயர் அழுத்த நீரால் அகற்றலாம். வேரை வெட்டும் கருவி உண்டு. குழாய் உடைந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் தோண்டினால் போதும். கோளாறு குழாயிலா, தொட்டியிலா என்ற ஐயமும் நீங்கும். இந்த ஐயத்தில்தான் பல வீடுகளில் தொட்டியின் மூடி திறக்கப்படுகிறது.

தொட்டிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கக்கூடியது. அதன் அளவு கூடும்போது நுகர்வுணர்வு மரத்துப்போவதால், நாற்றத்தை வைத்து ஆபத்தை உணர முடியாது. கழிவுநீர்க் குழாய்களையும் தொட்டிகளையும் சுத்தம் செய்தபோது 2019 முதல் 2023 வரை நாடு முழுவதும் 377 பேர் உயிரிழந்ததாக மத்திய அரசு 2024-இல் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

மனிதக் கழிவுகளை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், உள்ளாட்சி அமைப்புகளை மட்டுமன்றி தனிநபர்களையும் கட்டுப்படுத்துகிறது. பாதுகாப்புக் கருவிகளின்றி ஒருவரைத் தொட்டிக்குள் இறக்கும் வீட்டு உரிமையாளருக்கும் 2 ஆண்டு வரை சிறை அல்லது ரூ.2 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். உயிரிழந்தோரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்சநீதிமன்றம் 2023 அக்டோபரில் ரூ.10 லட்சத்திலிருந்து ரூ.30 லட்சமாக உயர்த்தியது.

எனினும், கேமராவால் அடைப்பை நீக்க முடியாது. வாயுவை அளக்கவும் இயலாது. கழிவுநீர் நிரம்பிய குழாயில் காட்சி தெளிவாகத் தெரியாது. ஆய்வுத் திறப்புகளோ குழாய் வரைபடமோ இல்லாத பழைய வீடுகளில் அதைச் செலுத்துவதே கடினம். எனவே, கழிவுநீர் உறிஞ்சும் வாகனமும் உயர் அழுத்த நீர்க் கருவியும் உடன் கிடைத்தால்தான் முழுப் பயன் உண்டு.

மத்திய அரசின் 'நமஸ்தே' திட்டம் தூய்மைப் பணியாளர்களுக்குப் பாதுகாப்புக் கவசங்கள், மருத்துவக் காப்பீடு, வாகனம் வாங்க மானியம் ஆகியவற்றை வழங்குகிறது. ஆனால், வீட்டு வாசலில் கூலி பேசி அழைக்கப்படும் தினக்கூலித் தொழிலாளியிடம் பெரும்பாலும் கயிறும் வாளியுமே உள்ளன. கேமரா ஆய்வும் இயந்திரச் சேவையும் அந்தக் கூலிக்கு ஈடான கட்டணத்தில் கிடைக்காதவரை, மலிவான வழியாக மனிதரே தொடர்ந்து இறக்கப்படுவார்.