ஒரு மணித்தியாலத் தூரம்

பலாலிக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் எவ்வளவு தூரம் என்று என் மாணவன் ஒருவன் வினவினான். “ஒரு மணித்தியாலம்” என்றேன். “தூரத்தைக் கேட்டால் நேரத்தைச் சொல்கிறீர்களே, சேர்” என்றான். பிழை என்னுடையதே. அன்று மாலை தேசப்படத்தை விரித்து அளந்து பார்த்தேன். நேர்கோட்டில் ஏறத்தாழ 185 கிலோமீற்றர். பலாலியிலிருந்து இரத்மலானைக்கோ ஏறத்தாழ 330. கொழும்பினும் திருச்சியே நமக்கு அண்மையது என்பதை இத்தனை ஆண்டுக்காலம் படிப்பித்த பின்னரும் நான் அளந்தறிந்ததில்லை!

இங்கு ஒரு கணக்கு இடிக்கின்றது. இவ்வழியிற் பறக்கத் தொடங்கிய ஏ.டி.ஆர். விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர் வேகத்திற் செல்லவல்லது. அவ்வாறாயின் 25 நிமிடம் போதுமன்றோ? அட்டவணை காட்டும் நேரம் வானிற் கழியும் நேரம் மட்டுமன்று. தரிப்பிடத்தை விட்டு விமானம் அசையும் கணத்திலிருந்து மறுகரையில் வந்து நிற்கும் கணம்வரை அது எண்ணப்படுகின்றது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மேலெழுவதும், இறங்குவதற்கு முறை பார்த்திருப்பதும் அதில் அடங்கும். குறும்பயணங்களில் இவையே பெரும்பங்கு. சுங்கத்தாரின் மேசை முன் நிற்கும் நேரத்தையோ எவரும் கணக்கிற் சேர்ப்பதில்லை.

எனினும், என் குறை நிமிடங்களைப் பற்றியதன்று. 1947 டிசெம்பர் 10 ஆம் நாள் எயர் சிலோன் தன் முதற் பயணத்தைத் தொடங்கியபோது இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னை சென்றது. அவ்வளவு பழைய வழி இது. போர்க்காலத்தில் அது அற்றுப்போயிற்று. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் அது நின்றது. 2022 டிசெம்பரிலேயே மீண்டும் தொடங்கியது. திருச்சிக்கான சேவை 2025 மார்ச் 30 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

2012 இல் என் ஆசான் திருச்சியிற் காலமானார். செய்தி காலையில் வந்தது. வடக்கே போகவேண்டிய நான் இரவு பஸ்ஸில் ஏறித் தெற்கே கட்டுநாயக்காவுக்குப் போய், அங்கிருந்து மீண்டும் வடக்கே பறந்தேன். வந்த வழியையே வானத்திற் பாதிக்குமேல் திரும்பக் கடந்திருப்பேன். போய்ச் சேர்ந்தபோது தகனம் முடிந்து, வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

ஆதலால், “ஒரு மணித்தியாலத்திற் திருச்சி” என்று நண்பர்கள் மகிழும்போது நான் முழு மனத்துடன் தலையசைப்பதில்லை. இன்னும் பத்து நிமிடம் குறையவேண்டும் என்பதும் என் கோரிக்கையன்று. வேண்டுமானால் இரண்டு மணித்தியாலம் ஆகட்டும். இவ்வாண்டு அட்டவணையில் உள்ள வரி அடுத்த ஆண்டிலும், அதற்கடுத்த ஆண்டிலும் அங்கேயே இருக்கவேண்டும். கட்டணமும் ஓர் ஆசிரியன் சாவு வீட்டுக்குக் கடன்படாமற் போய்வரக்கூடியதாய் இருக்கவேண்டும். நம் சங்கங்கள் வரவேற்புரைகளைக் குறைத்துக்கொண்டு இவ்விரண்டையும் எழுத்திற் கேட்கலாம்.