மரைக்கு எதற்கு பிஸ்கட்?

காட்டு விலங்கு நம்மை நெருங்கி வந்தால் அதை அன்பு என்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1988இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட ஹோட்டன் சமவெளியில், வாகனத் தரிப்பிடத்தில், ஆண் மரையொன்று எங்கள் வேன் கதவருகே வந்து நின்றது. கிளைவிட்ட கொம்பு, ஈர மூக்கு. தங்கச்சி மூச்சுக்கூட விடவில்லை. அதன் கண்ணோ சாச்சியின் கையிலிருந்த பிஸ்கட்டில்!

"பாவம், பசிக்குது போல" என்றார் சாச்சி.

சுற்றிலும் புல்வெளி, பசியாவது! சிறுத்தை உலாவும் இடத்தில் அச்சம்தான் மரையின் காவல். மனிதனிடமும் அந்த அச்சம் வேண்டும். கண்ணி வைப்பவனுக்கும் நம்மைப் போல இரண்டு கைகள்தானே, மரை எப்படிப் பிரித்தறியும்? நாம் நீட்டும் ஒவ்வொரு பிஸ்கட்டும் அந்தக் காவலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிக்கிறது.

வாப்பா கண்ணாடியை ஏற்றினார். தங்கச்சி அழுதாள். மரை அடுத்த வேனுக்குப் போனது. அங்கே கதவு திறந்தது.