முட்டையை ஃப்ரீசரில் வையுங்கள்

டிஸ்கி: பல்லி என்றாலே பெஞ்ச் மேல் ஏறி நிற்கும் நம் வகுப்புத் தோழிகள் இத்தோடு எஸ்கேப் ஆகிக்கொள்ளலாம். மற்றவர்கள் உள்ளே வரலாம்.

தலைப்பைப் பார்த்துவிட்டு "அடிப் பாவி" என்று திட்ட வருபவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இந்த வருடம் என் அறையில் ஐந்து பல்லிக் குஞ்சுகள் முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வந்தன. பாட்டில் மூடியில் கூழ் கரைத்து வைத்து, தினம் சாயங்காலம் தண்ணீர் தெளித்து, அதுகளுக்குத் தாதி வேலை பார்த்தவள் நான்தான். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

முதலில் ஆள் யாரென்று சொல்லிவிடுகிறேன். க்ரெஸ்டட் கெக்கோ. நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்குத் தூரத்துச் சொந்தம். வளர்ந்தால் ஒரு சாண் நீளம் இருக்கும். கண்ணுக்கு மேலே இமைமுடி மாதிரி முள்முள்ளாக ஒரு வரிசை. இமை கிடையாது, நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே நக்கித் துடைத்துக்கொள்ளும். (முதல் தடவை பார்த்தபோது நான் ஙே என்று விழித்தேன்.) நம் பல்லிக்கு வால் அறுந்தால் மறுபடி முளைக்கும். இதற்குப் போனால் போனதுதான்.

சொந்த ஊர் பசிபிக் கடலில் இருக்கும் நியூ கலிடோனியா. 1866-இல் அல்ஃபோன்ஸ் கிஷ்னோ என்ற பிரெஞ்சுக்காரர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அப்புறம் ரொம்ப காலம் யார் கண்ணிலும் படவில்லை, இனமே அழிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1994-இல் ரோபர்ட் ஸைப் தலைமையில் போன ஒரு குழு, ஒரு புயலுக்குப் பிறகு இதை மறுபடி கண்டுபிடித்தது. அந்த 90-களில் வெளியே வந்த சில பல்லிகளின் பேரன் பேத்திகள்தான் இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீடு வீடாக உட்கார்ந்திருக்கின்றன. இப்போது அந்தத் தீவிலிருந்து இவற்றை ஏற்றுமதி செய்யத் தடை. ஆனாலும் கடைகளில் பஞ்சமே இல்லை. எப்படி என்று கேட்டால், அதுதான் இன்றைய மேட்டர்.

நான் ஜெர்மனியில் முதுநிலை படிக்கிறேன். போன நவம்பரில் கூடப் படித்த ஒரு பையன் படிப்பை முடித்து ஊரைக் காலி செய்தபோது, "ஒரே ஒரு பெண் பல்லி, தனியாகத்தான் இருக்கிறாள், எடுத்துக்கொள்கிறாயா?" என்றான். பாவமாக இருந்தது, எடுத்துக்கொண்டேன். ஜனவரியில் ஒரு காலை பார்த்தால், தென்னை நார் மண்ணுக்குள் இரண்டு வெள்ளை முட்டை. அவன் பொய் சொல்லவில்லை. ஆண் பல்லியை முன்பே பிரித்துவிட்டிருந்தான். ஆனால் இந்த இனத்துப் பெண்கள் விந்தணுவை உடம்புக்குள் மாதக்கணக்கில் சேமித்து வைத்துக்கொள்ளும் என்பது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சும்மா சொல்லக்கூடாது, முட்டையைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் பல்லி முட்டை சுண்ணாம்பு ஓடு மாதிரி கெட்டியாக இருக்கும். இது தோல் மாதிரி மெத்தென்று இருக்கும், சுற்றிலும் ஈரத்தை உறிஞ்சி ஊதும். எடுக்கும்போது புரட்டக்கூடாது. கரு ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும், திருப்பினால் செத்துவிடும் என்பதால் மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். சாப்பாட்டு டப்பாவில் தோட்டக் கடை பெர்லைட், அதே எடைக்குத் தண்ணீர், மூடி, அலமாரியின் மேல்தட்டு. அவ்வளவுதான் இன்குபேட்டர். கோழி முட்டைக்கு வேண்டிய 37 டிகிரி எல்லாம் வேண்டாம், 22, 23 டிகிரி அறைச் சூடே போதும். மூன்றாவது வாரம் இருட்டில் மொபைல் டார்ச்சை முட்டைக்கு அடியில் வைத்தால், சிவப்பு நரம்புகளோடு ஒரு வளையம் தெரிந்தது. அந்த நிமிடம் நான் கவிழ்ந்தேன்.

என் முதல் புகார் இந்த எளிமையைப் பற்றித்தான். கஷ்டமான வேலையாக இருந்தால் நூறு பேரில் பத்துப் பேர்தான் செய்வார்கள். பிளாஸ்டிக் டப்பாவும் கொஞ்சம் பொறுமையும் போதும் என்றால் எல்லாரும் செய்வார்கள். ஒரு பெண் பல்லி நாலைந்து வாரத்துக்கு ஒரு முறை இரண்டிரண்டாக, வருடத்தில் முக்கால்வாசி மாதம் முட்டையிடும். வருடத்துக்கு ஒரு டஜனைத் தாண்டும். ஒவ்வொன்றும் 15, 20 வருடம் வாழக்கூடிய உயிர். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டம்மா மே மாதம் வரை நான்கு தடவை இட்டாள். எட்டு முட்டை. இரண்டு மஞ்சளாகிப் பூஞ்சை பிடித்தன. ஒன்றில் குஞ்சு முழுசாக வளர்ந்து, ஓட்டைக் கீறாமலே செத்துக் கிடந்தது. ஐந்து வெளியே வந்தன. முதல் முட்டைக்கு 84 நாள். முந்தின நாள் முட்டை மேல் வியர்வை மாதிரி துளித்துளியாகத் தண்ணீர். காலையில் பார்த்தால் பெர்லைட்டுக்கு மேலே ஒரு குட்டி, சுண்டுவிரல் நீளம், இரண்டு கிராம்கூட இல்லை. சமையலறைத் தராசு அதை ஒரு பொருளாகவே மதிக்கவில்லை, பூஜ்யம் காட்டியது. வந்த வேகத்தில் முதல் தோலை உரித்து அதையே தின்றது. அப்புறம் மூன்று நாள் பட்டினி. வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும், அது இயல்பு. எனக்கு அது தெரியாமல் தூக்கம் போனது.

பொரிப்பது சுலபம், வளர்ப்பதுதான் சங்கதி. குட்டிக்குப் பெரிய கூண்டு கொடுத்தால் சாப்பாட்டைத் தேடிக் கண்டுபிடிக்காமல் மெலிந்துவிடும் என்பதால் ஆளுக்கொரு சின்ன டப்பா, தரையில் டிஷ்யூ பேப்பர். பழப்பொடிக் கூழை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்ற வேண்டும். அதிகமாகத் தெளித்தால் பூஞ்சை. குறைவாகத் தெளித்தால் தோல் சரியாக உரியாது, விரல் நுனியில் மோதிரம் மாதிரி இறுகி, ரத்தம் போகாமல் விரலே உதிர்ந்துவிடும். பரீட்சை வாரத்தில் இரண்டு நாள் தெளிக்க மறந்தேன். மூன்றாவது குட்டிக்கு இன்று வலது பின்காலில் ஒரு விரல் பாதிதான் இருக்கிறது. அது பாட்டுக்குக் கண்ணாடியில் ஏறுகிறது, இறங்குகிறது. நான்தான் ஒவ்வொரு தடவையும் அந்தக் காலைப் பார்க்கிறேன்.

ஆகஸ்டில் வெயில் அடித்தது. ஊரில் இருப்பவர்கள் சிரிப்பீர்கள், 33 டிகிரி எல்லாம் ஒரு வெயிலா என்று. மாடி அறை, ஏசி கிடையாது, உள்ளே 31. இந்தப் பல்லிக்கு 28-ஐத் தாண்டினாலே தவிப்பு. எல்லா டப்பாவையும் தட்டில் அடுக்கி, கீழ்த்தளத்து நிலவறைக்கும் மாடிக்கும் நான்கு நாள் நடந்தேன். அந்த வாரம் பிறந்த கடைசிக் குட்டி ஒன்பதாம் நாள் காலை அசையாமல் கிடந்தது. சூட்டில் முட்டை சீக்கிரம் பொரியும், குட்டி சின்னதாக, பலமில்லாமல் வரும் என்பதை அப்புறம்தான் படித்தேன். அப்புறம் படித்தது யாருக்கு உபயோகம்?

மீதி நான்கு. ஒன்றை வகுப்புத் தோழி ஒருத்தி ஆசையாக வாங்கிப் போனாள். மூன்று என்னிடம். இப்போதைக்கு ஆணா பெண்ணா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, சில மாதம் ஆக வேண்டும். இரண்டு ஆணாக இருந்தால் ஒரே கூண்டில் கடித்துக்கொள்ளும். ஆணும் பெண்ணுமாக இருந்தால் அண்ணன் தங்கை என்றெல்லாம் பார்க்காது, மறுபடி முட்டை. ஆக மூன்றுக்கும் தனித்தனியாக, இரண்டடி உயரத்தில் மூன்று கூண்டு. என் அறை 14 சதுர மீட்டர். விசா அடுத்த வருடம் முடிகிறது. இவற்றின் ஆயுளோ 2040 தாண்டியும் போகும்.

"விற்றுவிடேன்" என்கிறீர்களா? வசந்த காலத்தில் ஒரு ஊர்வனச் சந்தைக்குப் போனேன். மேஜை மேஜையாக, வரிசை வரிசையாக, ஊறுகாய் டப்பா அளவு டப்பாக்களில் இதே குட்டிகள். சாதாரண நிறம் என்றால் சினிமா டிக்கெட் இரண்டின் விலைக்குக் கிடைக்கிறது. சாயங்காலம் இன்னும் குறைந்தது. நிறம் வித்தியாசமாக இருந்தால்தான் மரியாதை. அந்த நிறத்துக்காகச் செய்யும் கூத்தும் உண்டு. 'லில்லி ஒயிட்' என்று வெள்ளை பூசின மாதிரி ஒரு வகை. அந்த வகையில் இரண்டை ஜோடி சேர்த்தால், இரண்டு பக்கமும் அந்த மரபணுவை வாங்கும் குட்டிகள் முட்டைக்குள்ளேயோ, பிறந்த கொஞ்ச நாளிலோ செத்துவிடும். தெரிந்தேதான் சிலர் செய்கிறார்கள்.

அழிவின் விளிம்பில் இருக்கும் இனத்தைக் காப்பாற்றுகிறோம் என்று இன்னொரு கோஷ்டி சொல்கிறது. ஆசை இருக்கலாம், ஆனால் இது கதை. நியூ கலிடோனியாக் காட்டில் இதன் பிரச்சினை ஆள் குறைவு மட்டுமில்லை. வெளியிலிருந்து வந்த எலி, பூனை, நெருப்பாய்க் கடிக்கும் குட்டி எறும்பு, அழிக்கப்படும் காடு. என் அலமாரியில் பொரித்த குட்டியை யாரும் கப்பலேற்றி அங்கே விடப்போவதில்லை, விடவும் கூடாது. எந்த வம்சத்தோடு எந்த வம்சம் கலந்தது, என்ன நோய் ஒட்டியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நாம் வளர்ப்பது நம் ஆசைக்கு. அதில் தப்பில்லை, ஆனால் அதை ஆசை என்றே சொல்வோமே.

அம்மாவிடம் போனில் சொன்னேன், அடுத்த முட்டையைப் பொரிக்க விடமாட்டேன், இட்ட அன்றே ஃப்ரீசரில் வைக்கப் போகிறேன் என்று. "ஏண்டி, காஞ்சிபுரத்துல தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிட்டுட்டு வந்த பொண்ணாடி நீ?" என்றார். அம்மா, அந்த ஒன்பதாம் நாள் குட்டியை டிஷ்யூவில் சுற்றியது நான். இட்ட சில மணி நேரத்தில் ஃப்ரீசருக்குப் போகிற முட்டையில் கரு இன்னும் ஆரம்பக் கட்டத்தில்தான் இருக்கிறது. டார்ச் அடித்தால்கூட ஒன்றும் தெரியாது. இரண்டு வாரம் கழித்து, வளையத்தைப் பார்த்த பிறகு, மனசு மாறி ஃப்ரீசருக்கு ஓடாதீர்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். முடிவெடுக்க வேண்டியது முதல் நாள்.

தாய் பக்கத்தையும் பாருங்கள். முட்டை ஓட்டுக்கும் குஞ்சின் எலும்புக்கும் அவள் உடம்பிலிருந்துதான் சுண்ணாம்புச் சத்து போகிறது. அதை வாயின் மேல் அண்ணத்தில் இரண்டு வெள்ளைப் பையில் சேமித்து வைத்திருப்பாள், வாயைத் திறந்தால் தெரியும். அது காலியானால் கை கால் நடுங்கும், எலும்பு வளையும். மே மாதம் நாலாவது தடவை இட்டபோது எங்கள் ஆளின் பைகள் கிட்டத்தட்டக் காணாமல் போயிருந்தன, இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. கால்சியம் பொடி கலந்து கொடுத்து ஒரு வழியாகத் தேற்றினேன். முட்டையை ஃப்ரீசரில் வைப்பதால் இந்தச் செலவு குறையாது என்பது எனக்கும் தெரியும். அதற்கு ஆணைப் பக்கத்திலேயே விடாமல் இருப்பதுதான் வழி. சும்மா ஜோடியாக இருக்கட்டும், தனியாக இருந்தால் பாவம் என்று சேர்த்து வைப்பவர்களிடம் இதை எப்படிச் சொல்வது? இது தனியாக இருந்தால் ஏங்கும் பிராணியே இல்லை.

பொரிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இரண்டு வீடு கையில் இருக்கிறதா, அந்த வீட்டுக்காரர் 15 வருடக் கணக்கைக் கேட்டபிறகும் வேண்டும் என்கிறாரா, இரண்டு முட்டையைப் பொரிக்க வையுங்கள். அந்தக் காலை நேரம், பெர்லைட்டுக்கு மேலே அந்த ஈரத் தலை, அதற்கு ஈடாக நான் இதுவரை எதையும் பார்த்ததில்லை. பொரித்துவிட்டு வீடு தேடாதீர்கள், அதுதான் என் கட்சி.

போன வெள்ளிக்கிழமை மறுபடி இரண்டு இட்டாள். இன்னும் உயிருள்ள முட்டையா, சேமிப்பு தீர்ந்துவிட்டதா, பார்க்கவில்லை. பார்த்தால் முடியாது என்று தெரியும். ஒரு சின்ன டப்பாவில் பஞ்சு வைத்து, ஃப்ரீசரில் பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். கூடக் குடியிருக்கும் இரண்டு பேருக்காகக் கதவில் ஒரு சீட்டும் ஒட்டியிருக்கிறேன்: நீல மூடி டப்பாவில் இருப்பது சாப்பாடு இல்லை.

பி.கு: மூன்று குட்டிகளுக்கும் வீடு தேடுகிறேன். விரல் பாதி இல்லாததை மட்டும் கேட்காதீர்கள், அது என்னோடுதான்.